47ஃப என்ற மனிதன்

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிப் பழகிய கல்கத்தாத் தமிழர்களுக்கு, அங்கிருந்து ஹாஜ்ராவைக் கடந்து வடக்கே நடந்தால் வருகிற பவானிபூர் அந்நியமான பேட்டையன்று. அந்தப் பவானிபூரில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1915-ஆம் ஆண்டு பிறந்தவர் நாடக இயக்குநர் சம்பு மித்ரா. உழைப்பாளியின் வாழ்வை மேடையேற்ற யதார்த்தமே உகந்தது என்று ஒரு சாராரும், அபத்தமே உகந்தது என்று மற்றொரு சாராரும் இன்றளவும் வாதிடுகிறார்களே, அந்த வாதத்துக்கு அவர் பத்தே ஆண்டு இடைவெளியில் இரண்டு நாடகங்களால் விடையளித்துவிட்டார் என்பது என் துணிபு.

முதலாவது, பிஜோன் பட்டாசார்யா எழுதி, அவரும் சம்பு மித்ராவும் சேர்ந்து இயக்கிய ‘நபான்ன’. 1943-ஆம் ஆண்டின் க்ஷாமத்தில், நிலத்தை இழந்து நகரத்துக்கு வந்த குடியானவர்கள், சோறு கேட்கவும் நா எழாமல், வடித்த கஞ்சியையாவது ஊற்றுங்கள் என்று வாசல்தோறும் கதறியதைக் கண்ணாலும் காதாலும் அறிந்த ஜனங்களின் முன்னிலையில், மறு ஆண்டே, ஸ்ரீரங்கம் என்று நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய அரங்கில் அது நடைபெற்றது. செல்வர் மாளிகையினுள்ளே கல்யாண விருந்து. வெளியே, குப்பைத்தொட்டியில் விழுந்த எச்சிலுக்காக குஞ்ஜ என்னும் விவசாயி நாயோடு போராடிக் கடிபடுகிறான். இதில் ஆசிரியர் கற்பித்துச் சேர்த்தது என்ன? தெருவில் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே காட்டினார். காட்டியதும் அது எந்த அபத்த நாடகத்தையும்விட விபரீதமாயிற்று.

1954-இல் தாகூரின் ‘ரக்தகரபி’யை, மேடைக்கு ஒவ்வாத உருவகம் என்று பலர் ஒதுக்கியிருந்ததை, தமது ‘பஹுரூபி’ குழுவைக்கொண்டு நடத்தியபோது அவர் எதிர்த் திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். வலைக்குப் பின்னால் மறைந்திருக்கும் அரசன், பொன் தோண்டும் யக்ஷபுரி, பெயர் போய் எண்ணாகிவிட்ட தொழிலாளிகள்: பாகுலால் 47ஃப, பிஷு 69ங. மில் வாசலில் டோக்கன் நம்பரைச் சொல்லியே உள்ளே நுழைந்து, அந்த நம்பராலேயே அழைக்கப்பட்டு முதுமையெய்திய ஒருவருக்கு இது உருவகமாகவா தோன்றும்?

சுரங்கம் என்றதும் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகம் நினைவுக்கு வருகிறது. 1959-இன் இறுதியில் மினர்வா அரங்கில் தொடங்கியது அது. இசை ரவிசங்கர், ஒளி தபஸ் சேன். சுரங்கத்தில் தீப்பற்றுகிறது, உள்ளே மனிதர்கள் உயிரோடிருக்கையிலேயே, நிலக்கரியைக் காப்பாற்றும்பொருட்டு முதலாளிகள் நீரைத் திறந்துவிடுகிறார்கள். ஒளிஜாலம் நாடகத்தை விழுங்கிவிட்டதென்று அக்காலத்தில் குறைகூறினோர் உண்டு. அவர்களோடு என்னால் உடன்பட இயலவில்லை. கணக்குப் புத்தகத்தின் நியாயப்படி எவ்விதப் பிழையுமற்ற அந்த முடிவை வசனத்தில் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெளிச்சம் மாத்திரமே அலையலையாக எழும்பி, இடுப்பைத் தொட்டு, மார்பைத் தொட்டு, தலைக்குமேல் போயிற்று.