பயிற்சி விமானங்களின் பிரேக்: கவனம் பெறாத பாதுகாப்பு

புதுதில்லி: நாடாளுமன்றத்தில் விமானப் பாதுகாப்பு குறித்த விவாதம் எழும்போதெல்லாம், நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து செல்லும் பெரிய விமானங்களே பேசுபொருளாகின்றன. அவற்றை நாளை இயக்கப் போகும் இளைஞர்களோ இன்று சிறிய விமானங்களில்தான் பயிற்சி பெறுகின்றனர். வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பையும் தாமே ஏற்றுப் பறந்திருக்க வேண்டும் என்பது விதி.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 விமானத்தின் பிரேக் அமைப்பு மிக எளிமையானது. பெடலின் மேற்பகுதியை விமானி காலால் அழுத்தும்போது, மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எண்ணெய் குழாய் வழியே சென்று, சக்கரத்தின் டிஸ்க்கைப் பிரேக் பட்டைகள் இறுகப் பற்றச் செய்கிறது. இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் உண்டு. பெரிய விமானங்களில் உள்ளதைப் போன்ற மாற்று ஏற்பாடு இதில் கிடையாது. தரையிறங்கியபின் ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடிக்காமல் போனால், விமானம் எதிர்ப்பக்கமாக இழுக்கப்பட்டு ஓடுதளத்தை விட்டு விலகும் அபாயம் உண்டு.

எண்ணெயில் எச்சரிக்கை

இவ்விமானத்தில் ஊற்ற வேண்டியது சிவப்பு நிறமுள்ள கனிம ஹைட்ராலிக் எண்ணெய். கார்களுக்கான பிரேக் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் அடைப்புகள் கெட்டு, கசிவு ஏற்படும். சூடான டிஸ்க்கின் மீது எண்ணெய் கசிந்தால் தீப்பற்றவும் கூடும். பெடல் மெத்தென்று அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அதை வெளியேற்றிய பின்னரே விமானம் பறக்க வேண்டும். பிரேக் பட்டையின் தடிமன் சுமார் 2.5 மில்லி மீட்டராகத் தேய்ந்துவிட்டால் அதை மாற்றியாக வேண்டும்.

விமானியின் கடமை

புறப்படுமுன் சக்கரத்தின் அருகே சிவப்புக் கசிவு உள்ளதா எனப் பார்ப்பதும், விமானம் நகரத் தொடங்கியதுமே பிரேக்கைச் சோதிப்பதும் விமானியின் கடமை. என்ஜின் வேகத்தைக் கூட்டிவைத்துப் பிரேக்கால் அடக்கி ஓட்டுவது டிஸ்க்கைச் சூடாக்கும். தரையிறங்கும்போது மூன்று சக்கரங்களும் தரையில் பதிந்த பிறகே, இரு பெடல்களையும் சமமாக அழுத்த வேண்டும்.

விமானி குறித்துவைக்கும் பழுதைச் சரிசெய்து, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையொப்பமிட்ட பின்னரே விமானம் மீண்டும் பறக்க வேண்டும். பறக்கும் மணி நேரத்தைக் கூட்டுவதற்காக இக்குறிப்பைத் தவிர்த்தாலோ, பார்க்காமலேயே கையொப்பமிட்டாலோ, அதன் விலையைக் கொடுப்பவர் விமானத்தில் தனியாக அமர்ந்திருக்கும் மாணவரே.

1934-ம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் முறையையும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025 அக்டோபரில் தொடங்கியது. பள்ளிகளின் எண்ணிக்கை, விமானிகளின் எண்ணிக்கை குறித்துக் கேள்வி எழுப்பும் உறுப்பினர்கள், பராமரிப்புக் கூடங்களில் எத்தனை பொறியாளர்கள் உள்ளனர், அங்குள்ள பதிவேடுகள் முறையாகச் சரிபார்க்கப்படுகின்றனவா என்றும் கேட்க வேண்டிய நேரம் இது.