வேன் வானொலி மாற்றமும் மின்கோளாறுகளும்

வேன், கார் போன்ற ஊர்திகளில் பழைய வானொலியைக் கழற்றிவிட்டுப் புதிய ஸ்டீரியோ செட்டைப் பொருத்தியபின் சில மின்கோளாறுகள் தோன்றுவதுண்டு. பேட்டரி இறங்கிக் காலையில் வண்டி கிளம்பாமல் போவது, பின்விளக்குகள் அணைந்துவிடுவது, அடிக்கடி ஃபியூஸ் போவது, பாட்டுடன் ஓர் ஊளைச் சத்தம் சேர்ந்து வருவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பெரும்பாலான நேரங்களில் புதிய செட்டில் குறை இருப்பதில்லை. அதன் பின்னால் வயர்களை இணைத்த முறையில்தான் குறை இருக்கும்.

கிராமப்புற வேன்கள்

மேலைநாடுகளில் படுக்கை, அடுப்பு, விளக்கு ஆகியவற்றுடன் வீடுபோல அமைந்த வேன்கள் சுற்றுலாவுக்குப் பயன்படுகின்றன. நம் நாட்டில் கேரவன் என்றால் திரைப்பட நடிகர்களின் ஓய்வு வண்டியே பலருக்கு நினைவுக்கு வரும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் போன்ற ஊர்களில் வாடகை வேன்களே பல நாட்களுக்கு வீடாகிவிடுவதுண்டு. சபரிமலைப் பயணத்திலும் கோயில் சுற்றுலாவிலும் வேனை ஒட்டியே சமையலும் உறக்கமும் நடக்கும். நிறுத்திய வண்டியில் பாட்டு ஓடும், கைப்பேசிகள் சார்ஜ் ஆகும்.

இவ்வண்டிகளுக்கு இன்னோர் இயல்பும் உண்டு. முகூர்த்த நாட்களில் ஓயாமல் ஓடுபவை, ஆடியிலும் மார்கழியிலும் திருமணச் சவாரி இல்லாமல் நாள்கணக்கில் நிற்கும். தினமும் ஓடும் நகரத்துக் காரில் வெளியே தெரியாத மின்கசிவு, நின்றுகிடக்கும் வேனில் பேட்டரியையே தீர்த்துவிடும்.

இரண்டு 12 வோல்ட் வயர்கள்

தனியாக விற்கப்படும் செட்களில் மூன்று வயர்கள் அடிப்படையானவை. மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் பெறவேண்டும். கடிகாரமும் பதிந்துவைத்த நிலையங்களும் நினைவில் நிற்பது இதனால்தான். சிவப்பு வயருக்குச் சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரவேண்டும். கறுப்பு வயர் எர்த்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்த நிறங்கள் செட்டுக்கு உரியவை, வண்டிக்கு உரியவை அல்ல. ஜெர்மானிய வழக்கப்படி வயரிங் செய்த வண்டிகளில் சிவப்பு என்பது பேட்டரியிலிருந்து நேரே வரும் வயர். எர்த் பழுப்பு நிறம். பல டொயோட்டா வண்டிகளில் நிரந்தர மின்வயர் நீலத்தில் மஞ்சள் கோடு, சாவி வயர் சாம்பல் நிறம், எர்த் பழுப்பு. சிவப்போடு சிவப்பைச் சேர்ப்பது இயல்பாகத் தோன்றினாலும் வண்டிக்கு வண்டி விளைவு மாறும். ஐ.எஸ்.ஓ. 10487 தரத்தின்படி அமைந்த கப்ளரில் 4ஆம் முனை நிரந்தர மின்சாரம், 7ஆம் முனை சாவி மின்சாரம். சில ஐரோப்பிய வண்டிகளில் இவை இரண்டும் இடம் மாறியிருக்கும். சாவியை எடுத்தவுடன் நிலையங்கள் எல்லாம் மறந்துபோனால் முதலில் ஐயப்பட வேண்டியது இந்த மாற்றத்தைத்தான்.

அவசரத்தில் சிலர் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர வயரில் சேர்த்துவிடுகின்றனர். செட் உடனே பாடும். வாடிக்கையாளரும் சாவி இல்லாமலே பாட்டுக் கேட்கலாம் என்று மகிழ்ச்சியாகப் போய்விடுவார். ஆனால் பொத்தானை அழுத்தி அணைத்த பிறகும் அத்தகைய செட் முழுதாக உறங்காமல் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கக்கூடும்.

பேட்டரி இறங்கும் கணக்கு

அப்படி ஒரு செட் 200 மில்லி ஆம்பியர், அதாவது 0.2 ஆம்பியர், இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 0.2 × 24 = 4.8 ஆம்பியர்-மணி. 75 ஆம்பியர்-மணி கொண்ட டீசல் வேன் பேட்டரி எட்டு நாளில் பாதியாகும். 35 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய கார் பேட்டரி நான்கு நாளைக்குள் பாதியாகிவிடும். சரியாக இணைத்த செட் நினைவுக்காக எடுப்பது சில மில்லி ஆம்பியர் மட்டுமே.

முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி ஓய்வில் இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்றால் பாதிதான் மிச்சம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று பொருள். இதைப் பார்க்காமல் புதிய பேட்டரி வாங்குவோர் பலர். மின்கசிவு அப்படியே இருப்பதால் புதியதும் அடுத்த ஓய்வுக் காலத்தில் இறங்கிவிடும். விடியற்காலையில் பிரசவ வலியுடன் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டிய நேரத்தில் இது தெரியவரலாம்.

பின்விளக்கு அணைவது

கோளாறுகளில் மிக ஆபத்தானது இது. செட்டின் ஆரஞ்சு நிற வயர், இரவில் செட்டின் ஒளியைக் குறைப்பதற்காக வண்டியின் பார்க்கிங் விளக்குச் சுற்றுடன் இணைவது. தேவையில்லை என்று அதனுடன் சேரும் வண்டி வயரின் முனையை டேப் சுற்றாமல் விட்டாலோ, எர்த் என்று எண்ணிக் கறுப்புடன் சேர்த்தாலோ, விளக்குச் சுவிட்சைப் போட்டவுடன் அந்தச் சுற்றின் ஃபியூஸ் போகும். பின்விளக்கு, எண்பலகை விளக்கு, டாஷ்போர்டு விளக்கு ஆகியவை பெரும்பாலும் ஒன்றாக அணையும். முன்விளக்குக்கு வேறு ஃபியூஸ் என்பதால் அது எரியும். ஓட்டுநருக்குச் சாலை வெளிச்சமாகத் தெரியும். பின்னால் வருபவருக்கு வேன் தெரியாது. தெருவிளக்கு இல்லாத வந்தவாசி, மதுராந்தகம் சாலைகளில் இதன் விளைவு என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. செட் மாற்றிய பின் டாஷ்போர்டு இருளாக இருந்தால் இறங்கிப் பின்பக்கம் பார்ப்பது நல்லது.

போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் அட்டையின் தாளைச் சுற்றிச் செருகுவதும் இன்றும் நடக்கின்றன. ஃபியூஸ் காப்பது செட்டை அல்ல, வயரை. 10 ஆம்பியருக்கான வயரில் 30 ஆம்பியர் ஓடினால் ஃபியூஸுக்குப் பதில் வயரின் உறை உருகும். வேனில் தீ பிடிக்க அது போதும்.

செட்டின் மேல் அச்சிட்டிருக்கும் ‘50 வாட் × 4’ என்பதையும் இங்கே சொல்லலாம். 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியே 14.4 வோல்ட்டில் கிடைப்பது 144 வாட் மட்டுமே. ஆகவே 200 வாட் என்பது நொடிநேர உச்ச அளவே தவிரத் தொடர்ந்து வருவதல்ல. உண்மையிலேயே அதிக ஒலி வேண்டுமானால் தனி ஆம்பிளிஃபையரும், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்த தனிப் பருமனான வயரும் தேவை.

எர்த், ஒலிபெருக்கி, ஏரியல்

இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் பெரும்பாலும் எர்த் கோளாறு. பெயின்ட் அடித்த தகட்டிலோ துருப்பிடித்த திருகிலோ எர்த் கொடுத்தால் இது வரும். தகட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கினால் பல வண்டிகளில் சரியாகிவிடும்.

பழைய வேன்களில் ஒலிபெருக்கியின் ஒரு முனை பாடியிலேயே எர்த் ஆகியிருக்கும். இன்றைய செட்களில் ஒலிபெருக்கிக்குப் போகும் இரு வயர்களிலும் மின்னழுத்தம் உண்டு. எதையும் எர்த் செய்யக்கூடாது. செய்தால் செட் சூடாகி நின்றுவிடும், அல்லது உள்ளிருக்கும் சில்லு எரிந்துபோகும்.

சில வண்டிகளின் ஏரியலில் சிறிய பெருக்கி உண்டு. அதற்குச் செட்டின் நீல வயர் மின்சாரம் தரவேண்டும். அதை இணைக்காவிட்டாலும் சென்னை நகருக்குள் எஃப்.எம். கேட்கும். ஏறத்தாழ 90 கி.மீ. தள்ளி உள்ள உத்திரமேரூரில் இரைச்சல்தான் வரும். செட் மட்டம் என்ற முடிவுக்கு வருவதற்கு முன் நீல வயரைப் பார்க்க வேண்டும்.

24 வோல்ட் வண்டிகளும் இரட்டைப் பேட்டரியும்

பேருந்து, லாரி பலவற்றில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. செட்டுக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுத்தால் அது மட்டும் இறங்கும். சார்ஜ் ஆகும்போது மற்றது அளவுக்குமேல் சார்ஜ் ஆகி இரண்டுமே கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டரே சரியான வழி.

கேரவன்களில் இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, உள்விளக்குகளுக்கு ஒரு பேட்டரி எனத் தனித்தனியாக இருக்கும். செட்டின் மஞ்சளை ஒன்றிலும் சிவப்பை மற்றதன் சாவிச் சுற்றிலும் கொடுத்துவிட்டு, இரண்டையும் ஒரே இணைப்பில் சேர்த்துவிட்டால் சாவி போடும்போதெல்லாம் இரு பேட்டரிகளும் மெல்லிய ரேடியோ வயர் வழியே ஒன்றோடொன்று இணையும்.

சோதிக்கும் முறை

வயரின் நிறத்தை ஒரு குறிப்பாக மட்டும் கொண்டு, மல்டிமீட்டரால் அளந்த பிறகே இணைக்க வேண்டும். சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டுவது மஞ்சளுக்கு. சாவி போட்டால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. விளக்குச் சுவிட்சுக்கு ஏற்ப வந்துபோவது ஆரஞ்சுக்கு. மஞ்சள் உறையிட்ட வயர்க்கட்டு காற்றுப்பை அமைப்புக்கு உரியதாக இருக்கலாம். அதில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது. இணைக்கும் வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்டவுடன் முழு மின்சாரமும் அதன் வழியே பாயும்.

கசிவை அளக்க, எல்லாவற்றையும் அணைத்து, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து எதிர்முனைக்கும் அதன் கேபிளுக்கும் இடையே தொடராக இணைக்க வேண்டும். புதிய வண்டிகளின் மின்னணுப் பகுதிகள் உறங்க நேரம் எடுக்கும் என்பதால் அரைமணி காத்திருக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அதிகமானால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். எதை எடுக்கும்போது அளவு சட்டென விழுகிறதோ, கசிவு அந்தச் சுற்றில் இருக்கிறது. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது வண்டியைக் கிளப்பக்கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் மீட்டரின் ஃபியூஸோ மீட்டரோ போய்விடும்.