முன்பாரமும் பின்பாரமும்

பாரவண்டி ஓட்டுவோர்க்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்கள் நன்கு பழகியவை. சுமை முன்னே மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தாலோ ஏர்க்கால் மேலெழும்ப, பூட்டாங்கயிறு அவற்றின் தொண்டையை இறுக்கும். ஆதலின், தேர்ந்த வண்டிக்காரர் சிறிது முன்பாரம் இருக்குமாறே மூட்டைகளை அடுக்குவார். மாட்டுவண்டிக்குரிய இவ்வுண்மை, அமெரிக்க நாட்டின் எந்திர வண்டிகளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

அந்நாட்டில் பிக்கப் என்னும் வண்டி எங்கும் காணப்படுவது. முன்புறம் மக்கள் அமரும் அறையும், பின்புறம் திறந்த சுமைத்தட்டும் உடையது அது. உழவர் தம் குதிரைகளையும், கட்டடத் தொழில் செய்வோர் மண்வாரி எந்திரங்களையும் டிரெய்லர்களில் ஏற்றி இதன் பின்னே பூட்டி இழுத்துச் செல்வர். விடுமுறைக்குச் செல்வோர் வீட்டையே சக்கரங்களின்மேல் அமைத்து உடன் கொண்டு போவதும் உண்டு! ஃபோர்டு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு எஃப்-450 வண்டி 40,000 பவுண்டு, அதாவது 18,000 கிலோகிராமுக்குச் சற்று மிகுதியான எடையை இழுக்கவல்லது என்று அறிவிக்கப்பட்டது. தன் எடையைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட எடையை ஒரு வண்டி இழுக்கிறது என்றால் வியப்பன்றோ? எஞ்சினுக்கு அவ்வாற்றல் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இழுத்தல் வேறு, அடக்குதல் வேறு. விளம்பரங்கள் முன்னதைப் பேசுகின்றன. விபத்துகளோ பெரும்பாலும் பின்னதால் விளைகின்றன.

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களின்மேல் நிற்பதில்லை. ஒரு பகுதி முன்னோக்கி வந்து, இழுக்கும் வண்டியின் கொக்கியை அழுத்தும். வண்டியின் பின்முனையில் மாட்டப்படும் டிரெய்லரில் இவ்வழுத்தம் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இருத்தல் வேண்டும். அதனினும் மிகக் குறைந்து பின்பாரம் ஆகிவிட்டால், டிரெய்லர் நாயின் வாலைப்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். குறைந்த வேகத்தில் இவ்வாட்டம் தானே அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தாலோ, ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, இறுதியில் இரு வண்டிகளையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அவ்வேளையில் அச்சத்தால் சுக்கானை இப்படியும் அப்படியும் திருப்புவதும், முன்வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் தீமையை வளர்க்கும். சுக்கானை நேராகப் பிடித்து, வேக மிதியினின்று காலை எடுத்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்குதலே தக்கது. அதற்கெனத் தனி விசை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்.

மிகப் பெரிய டிரெய்லர்களைப் பின்முனையில் மாட்டுவதில்லை. வாத்துக் கழுத்து என்று பெயர் பெற்ற வளைந்த தண்டின் வாயிலாக, பின்னச்சுக்கு நேர்மேலே சுமைத்தட்டிலேயே பிணைக்கின்றனர். இதனால் ஆட்டம் பெரிதும் குறைகிறது. எனினும் இங்கு வேறோர் இடர் மறைந்திருக்கிறது. இவ்வகையில் டிரெய்லர் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வண்டியின்மேல் அமரும். 4,000 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப், தன் எடை உட்பட 6,350 கிலோ தாங்கவல்லது எனக் கொள்வோம். அதன்மேல் 12,000 கிலோ டிரெய்லரைப் பூட்டினால், 2,400 கிலோ அதன் முதுகில் ஏறுகிறது. ஓட்டுநர் உள்ளே அமருமுன்னரே எல்லை கடந்துவிட்டது! இழுக்கவல்ல எடையை மட்டும் கேட்டு வாங்கியவர், கதவோரத்துச் சீட்டில் அச்சிட்டுள்ள தாங்கும் எடையைப் பார்ப்பதில்லை.

இனி நிறுத்துதலைப் பற்றி எண்ணுவோம். மேற்கூறிய வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 16,000 கிலோ. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அவற்றின் இயக்க ஆற்றல் 50 இலட்சம் ஜூல். வண்டி தனியே சென்றால் இதில் கால் பங்கே. அவ்வளவையும் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஆகையால் டிரெய்லருக்கும் தனிப் பிரேக்கு இன்றியமையாதது. கொக்கி கழன்று டிரெய்லர் பிரிந்துவிட்டால், அதனை வண்டியோடு இணைக்கும் ஒரு மெல்லிய கம்பி இழுபட்டு, டிரெய்லரிலுள்ள மின்கலத்தைக் கொண்டு பிரேக்கைத் தானே இயக்கிவிடும். சிறு பொறிதான், ஆயினும் பின்னே வருவோரின் உயிரைக் காப்பது அதுவே.

இத்துணைப் பாரத்தை ஓட்டுவோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டாவா? வாணிகத்துக்காக ஓட்டும்போது, இரண்டும் சேர்ந்து 26,000 பவுண்டும், டிரெய்லர் மட்டும் 10,000 பவுண்டும் கடந்தால், அந்நாட்டுச் சட்டம் தனி உரிமம் கேட்கிறது. உல்லாசப் பயணம் செய்யும் குடும்பத்தாரிடம் பல மாநிலங்களில் அவ்வுரிமம் கேட்பதில்லை. பாரத்துக்கு அதனை ஏற்றிச் செல்வோரின் நோக்கம் தெரியுமா என்ன!

2008ஆம் ஆண்டில் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் இழுதிறனை அளக்கப் பொது முறை ஒன்றை வகுத்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அளந்து எண்ணை வெளியிட்டு வந்தது. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள மலைச்சாலையை அடிப்படையாகக் கொண்டது அம்முறையின் ஏற்றச் சோதனை. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் அச்சாலை 900 மீட்டர் உயர்கிறது. கடும் வெயிலில், குளிர்சாதனமும் இயங்கிக்கொண்டிருக்க, குறித்த வேகம் குன்றாமல் வண்டி அதில் ஏற வேண்டும்.

ஏறியதை இறங்கவும் வேண்டுமல்லவா? நம் 16,000 கிலோ வண்டித்தொடர் அவ்வுயரத்தினின்று இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 90 கிலோமீட்டர் வேகத்தினின்று 28 முறை நிறுத்துவதற்கு ஈடாகும். ஒரு பகுதியைக் காற்றும் சக்கரங்களின் உராய்வும் ஏற்கும். எஞ்சியதைப் பிரேக்குகளே சுமந்தால் அவை பழுக்கக் காய்ந்து, பற்றும் வலிமையை இழக்கும். அதன்பின் மிதிப்பதால் பயனில்லை. வேகம் கூடிய பின் தாழ்ந்த பல்சக்கரத்துக்கு மாற்றுவதும் அரிது. ஆதலால், பழகிய ஓட்டுநர் கணவாயின் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, பல்சக்கரத்தைத் தாழ்த்தி, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு செய்துகொண்டு, அதன் பின்னரே சரிவில் இறங்குகிறார்.