பூவில் காத்திருக்கும் பல்லி

ஸ்பெயினின் மெனோர்கா தீவை ஒட்டி ஐரே என்றொரு குட்டித் தீவு. அங்கே கருகருவென்று திரிகிறது லில்ஃபோர்ட் பல்லி. சேனைக்கிழங்குக் குடும்பத்துச் செடி ஒன்று அத்தீவில் அழுகிய இறைச்சி நாற்றத்தோடு பூக்கும். நாற்றத்துக்கு ஈ மொய்க்கும்; பூமடலில் வெயில் காயும் பல்லி ஈயை லபக்கென்று பிடிக்கும். பிறகு பழத்தையும் தின்னும். பல்லியின் வயிற்றுக்குள் போய்வந்த விதை இன்னும் நன்றாக முளைக்கிறது. பல்லிகள் பழம் தின்னப் பழகியபின் தீவெங்கும் அந்தச் செடி பெருகிவிட்டது.

ஒரு காலத்தில் மெனோர்கா, மயோர்கா ஆகிய பெரிய தீவுகளிலும் இந்தப் பல்லி வாழ்ந்தது. மனிதரோடு வந்து சேர்ந்த வேட்டை விலங்குகளால் அங்கே அற்றுப்போனது. இன்று சுற்றியுள்ள சிறு தீவுகளே அதன் புகலிடம். அங்கே படகில் போகிறவர்களோடு ஒரு பூனைகூட இறங்கிவிடக் கூடாது.