தெந்த்ரேயில் நுழைந்த 'த'

ஸ்பானிய மொழி படிப்பவர்கள் எதிர்காலத்துக்கு வந்ததும் கொஞ்சம் ஆசுவாசப்படுவார்கள். நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் பாடாய்ப் படுத்திய வினைகள் இங்கே சாதுவாகிவிடுகின்றன. அகராதியில் இருக்கிற வடிவத்தை அப்படியே எடுத்து, கடைசியில் ஒரு விகுதியைச் சேர்த்தால் போதும். கொமெர் என்றால் சாப்பிடுதல். கொமெரே, சாப்பிடுவேன். கொமெராஸ், சாப்பிடுவாய். ஏ, ஆஸ், ஆ, எமோஸ், எய்ஸ், ஆன் என்ற ஆறு விகுதிகளும் எல்லா வினைகளுக்கும் பொது. விதிக்கு அடங்காத வினைகளுக்கும் இவையேதான்.

அடங்காமை பகுதியில் மட்டும்தான் இருக்கிறது. தெனெர் (வைத்திருத்தல்) தெனெரே ஆகாமல் தெந்த்ரே ஆகிறது. பெனிர் (வருதல்) பெந்த்ரே ஆகிறது. இந்தப் 'ப', 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற ப. இப்படி முரண்டு பிடிக்கும் அடிப்படை வினைகள் 12தான். பாடநூல்கள் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அவை உருவான கதையைத் தெரிந்துகொள்வது அதைவிட எளிது என்பேன்.

லத்தீனில் எதிர்காலத்துக்குத் தனி வடிவம் இருந்தது. அமாபிட் என்றால் காதலிப்பான், அமாவிட் என்றால் காதலித்தான். பிற்கால லத்தீனில், உயிர்களுக்கு நடுவே வரும் ப ஒலியும் வ ஒலியும் ஒன்றாகிவிட்டன. காதலித்தானா, காதலிக்கப்போகிறானா என்பது காதுக்குப் பிடிபடாமல் போயிற்று. எதிர்கால வடிவம் கைவிடப்பட்டதற்கு அறிஞர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. அதன் இடத்தில் மக்கள் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னார்கள்: முழு வினை ஒன்று, கூடவே 'உடையேன்' என்று பொருள்படும் துணைவினை ஒன்று. நாம் 'வர இருக்கிறார்' என்பதை 'வரவிருக்கிறார்' ஆக்கிக்கொண்ட மாதிரிதான். 7ஆம் நூற்றாண்டில் எழுந்த, பிரெடெகார் பெயரில் வழங்கும் லத்தீன் வரலாற்று நூலில், தாரா என்ற ஊருக்குப் பெயர் வந்த விதத்தைச் சொல்லும் கட்டுக்கதை ஒன்று உண்டு. அதில் 'தராஸ்', அதாவது 'தருவாய்', என்று ஒட்டிய வடிவமே வந்துவிடுகிறது.

ஆக, ஸ்பானிய விகுதிகள் ஆறும் அபெர் என்ற துணைவினையின் நிகழ்கால வடிவங்கள்தான். சில கொஞ்சம் தேய்ந்திருக்கின்றன. 1492இல் முதல் ஸ்பானிய இலக்கண நூலை வெளியிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹாவே இதைக் கண்டு சொல்லியிருக்கிறார். அவர் காலத்தில் ஒட்டு இன்னும் இறுகவில்லை. 'உனக்கு' என்ற சொல்லை நடுவில் செருகி 'தார் தெ ஏ' (உனக்குத் தருவேன்) என்று சொல்ல முடிந்தது. போர்த்துகீசிய எழுத்து நடையில் அந்த இடைவெளி இன்றும் மூடவில்லை.

இரண்டு சொற்கள் ஒன்றானபோது அழுத்தம் விகுதிக்குப் போனது. அதற்கு முந்தைய உயிர் மெலிந்தது. சில வினைகளில் விழுந்தே போனது. சபெர் (அறிதல்) சப்ரே ஆனது, பொதெர் (இயலுதல்) பொத்ரே ஆனது. அபெர், கபெர் (கொள்ளுதல்), கெரெர் (விரும்புதல்) ஆகியவையும் இந்த வகை. ஆகாரம் அப்படி எளிதில் விழாது. அதனால்தான் 'ஆர்' என்று முடியும் வினை ஒன்றுகூட அந்தப் பன்னிரண்டில் இல்லை.

தெனெரில் உயிர் விழுந்தபோது வேறொரு சிக்கல் வந்தது. 'தென்ரே' என்று வேகமாகப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். ன ஒலிக்குக் காற்று மூக்கு வழியே போகிறது. ர ஒலிக்கு அந்த வழி அடைபட வேண்டும். நாக்கு விலகுவதற்கு ஒரு கணம் முன்னால் மூக்கு வழி அடைபட்டால் இடையில் தானாகவே ஒரு 'த' வெடிக்கும். யாரும் திட்டம் போட்டுச் சேர்த்த எழுத்து இல்லை அது. பொனெர் (வைத்தல்), பெனிர் இரண்டுக்கும் இதே கதை. லகரத்துக்குப் பின்னாலும் த முளைத்தது: சலிர் (வெளியேறுதல்) சல்த்ரே, பலெர் (மதிப்புப் பெறுதல்) பல்த்ரே. முன்பு போட்டிக்கு இன்னொரு தீர்வும் இருந்தது. ஒலிகளை இடம் மாற்றி 'தெர்னே' என்பார்கள். 16ஆம் நூற்றாண்டு வரை அது புழங்கி, பிறகு மறைந்தது.

புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. பெந்தெர் என்றால் விற்றல். அது விதிப்படி நடக்கும் வினை, ஆகவே பெந்தெரே என்றால் விற்பேன். பெந்த்ரே என்றால் வருவேன். நடுவில் ஓர் எகரம் கூடினால் விருந்தாளி வியாபாரியாகிவிடுவார்.

தெசிர் (சொல்லுதல்), அசெர் (செய்தல்) இரண்டும் இன்னும் குறுகி திரே, அரே ஆகின்றன. பழைய ஸ்பானியத்தில் இருந்த குட்டையான வினை வடிவங்களின் எச்சம் இது.

பழைய ஸ்பானியத்தில் விதிமீறல் இதைவிட அதிகம். சாப்பிடுவேன் என்பதற்கு 'கொம்ப்ரே' என்ற வடிவம் இருந்தது. அப்படிப்பட்டவை பிற்பாடு பெரும்பான்மையோடு சேர்ந்து திருந்திவிட்டன. தினமும் நூறு முறை வாயில் வருகிறவை மட்டும் பழைய உருவத்திலேயே நின்றுவிட்டன என்பது வழக்கமான விளக்கம். கபெர் அவ்வளவு புழங்கும் சொல்லா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம்தான். சபெரின் நிழலில் அது பிழைத்திருக்கலாம்.

இவ்வளவு பாடுபட்டுக் கற்ற வடிவத்தை, குறிப்பாக லத்தீன் அமெரிக்கப் பேச்சில், எதிர்காலத்துக்கு அதிகம் கேட்க முடியாது. 'போகிறேன்' என்ற வினையைத் துணைக்கு வைத்து, நம் 'சாப்பிடப்போகிறேன்' போலவே சொல்லிவிடுகிறார்கள். பழைய வடிவம் ஊகத்துக்கு நன்றாகவே பயன்படுகிறது. 'தெந்த்ரா ஓச்சோ ஆன்யோஸ்': அவனுக்கு எட்டு வயது இருக்கும். 'அப்ரா யெகாதோ': வந்து சேர்ந்திருப்பான். நடந்து முடிந்திருக்கக்கூடிய ஒன்றை எதிர்கால வடிவத்தில் ஊகித்துச் சொல்வது ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படிப்பவருக்குத் தனிப் பாடம். தமிழில் யோசிக்கிறவருக்கு அந்தப் பாடத்தை யாரும் நடத்தத் தேவையில்லை.