பூமியின் சூட்டில் தேயிலை காயுமா?

கொத்மலைச் சரிவுகளில் உள்ள தேயிலைத் தொழிற்சாலைகளின் முற்றத்தில் விறகு குவிந்து கிடப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வாடி, உருண்டு, நொதித்து, ஒரு கிலோ தேயிலையாகின்றது. அந்த ஒரு கிலோவைக் காய வைக்க ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விறகு எரிகின்றது. நூறு பாகை செல்சியஸ் அளவு சூடான காற்று ஏறக்குறைய இருபது நிமிடம் வீசி, ஈரம் நூற்றுக்கு மூன்று என்ற அளவுக்கு இறங்கினாலன்றித் தேயிலை நிலைத்து நில்லாது.

இவ்வேலைக்கென பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் அமைத்த பொறிக்குச் 'சிராக்கோ' என்று பெயர். சகாராப் பாலைவனத்திலிருந்து வீசும் அனற்காற்றின் பெயர் அது. அந்தக் காற்றுக்கு விலையாக மலைநாடு மரங்களைக் கொடுத்து வருகின்றது.

காலடியில் பூமியே சூடாக இருக்க, மரத்தை ஏன் எரிக்க வேண்டும்? மாணவர்கள் இப்படிக் கேட்டால் அது நல்ல கேள்வியே. கிரேக்க நாட்டின் நேயா கெசானியில் 2001 முதல் தக்காளியை அவ்வாறே உலர்த்துகின்றனர். நிலத்தடியிலிருந்து வரும் ஏறத்தாழ அறுபது பாகை வெந்நீர் குழாய்ச் சுருள்களுக்குள் ஓடும். விசிறி அச்சுருள்களின் மேல் காற்றை ஊதும். சூடேறிய காற்று தட்டுகளில் பரப்பிய தக்காளியின் மீது செல்லும். வெந்நீர் பண்டத்தைத் தொடுவதே இல்லை. கென்யாவின் எபுரு மலையில் பைரித்திரப் பூவைக் காய வைத்ததும் பூமியின் ஆவியே.

ஆனால் கொத்மலைக்கு அந்தப் பேறு இல்லை. இலங்கையில் எரிமலை கிடையாது. மலைநாட்டுப் பாறையோ மிகப் பழமையானது. பொதுவாக ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு இருபத்தைந்து முதல் முப்பது பாகை வரைதான் சூடு ஏறும். நூறு பாகையைக் காண ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் துளைக்க வேண்டும். துளைத்த இடத்தில் நீரோடும் வெடிப்பும் இருக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்கும் தோட்டம் எது? ஜாவாத்தீவின் பங்களெங்கான் மலையில் தேயிலைத் தோட்டத்தின் நடுவிலேயே வாயங் விண்டு பூவெப்ப மின்நிலையம் 2000 முதல் இயங்குகின்றது. அது எரிமலை நாடு. அப்பகுதியில் 'மலபார்' என்ற பெயரில் ஒரு தேயிலைத் தோட்டம் இருப்பது ஒரு வேடிக்கை!

நமது வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் மலைக்குக் கிழக்கே தாழ்நிலத்தில் உள்ளன. அம்பாறை மாவட்டத்து மகா ஓயாவில் நீர் ஏறத்தாழ ஐம்பத்தைந்து பாகையில் ஊறுகின்றது. தேயிலைக்கு அது போதாது. அச்சூட்டை மலைக்குக் கொண்டுவரவும் இயலாது. குழாய் நீள நீள நீர் ஆறிவிடும். நெல்லின் கதை வேறு. அதற்கு நாற்பது பாகை அளவுக் காற்றே போதும். மிகுந்தால் அரிசியில் வெடிப்பு விழும். சோளத்துக்கும் மிளகாய்க்கும் கூட அந்த ஊற்று பயன்படக்கூடும். அறுவடை நாளில் மழை பிடித்துக்கொண்டால் தெருவோரத்தில் பரப்பிய நெல் என்ன ஆகும் என்பதைக் கிழக்கின் உழவரைக் கேட்டால் தெரியும். சுருளைக் கடந்து சற்று ஆறிய நீர், குளிக்க வருவோருக்கும் இதமாகவே இருக்கும்.

திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகளையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றின் சூடு நாற்பது பாகையளவே. அன்றியும், இறந்தோருக்கு அந்தியேட்டி செய்ய நம்மவர் நாடிச் செல்லும் நீர் அது.