பொறிவண்டு: பெயரும் இனங்காணலும்

'பொறி' என்னும் சொல்லுக்குப் புள்ளி என்பதும் ஒரு பொருள். புள்ளியுடைய வண்டைப் பொறிவண்டு என்கிறோம். மலாய்மொழி அதன் முதுகின் வளைவை நோக்கிக் 'கும்பாங் கூரா-கூரா', அதாவது ஆமைவண்டு என்கிறது. இரண்டும் காரணப்பெயர்களே. ஆயினும் பெயரை மட்டும் நம்பி உயிரினத்தை இனங்காண முற்படின் இடர்ப்படுவோம்.

கிள்ளானில் ஒரு பள்ளித் தோட்டத்தை அண்மையில் கண்டோம். கத்தரியிலைகள் சல்லடையாகியிருந்தன. மாணவர்கள் பொறிவண்டுகளையெல்லாம் பொறுக்கி நீர்வாளியில் இட்டனர். வாளியில் இருவகை வண்டுகள் கிடந்தன: ஒன்று கத்தரிக்குப் பகை, மற்றொன்று நட்பு. மாணவரிடம் இருந்த சொல்லோ ஒன்றுதான்.

பகைவண்டுக்குப் பப்ரீசியசு என்னும் அறிஞர் 1775இல் '28 புள்ளியுடையது' எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் இட்டார். அப்புள்ளிகள் 12 ஆகக் குறைதலும் உண்டு. 1781இல் அவரே '6 புள்ளியுடையது' எனப் பெயரிட்ட நட்புவண்டின் முதுகிலோ பெரும்பாலும் நெளிந்த கரும்பட்டைகளே காணப்படும். ஆகவே புள்ளிகளை எண்ணுதல் போதாது.

மூன்று அடையாளங்களை நோக்குக. முதலாவது முதுகு: பகைவண்டு மென்மயிர் போர்த்து மங்கியிருக்கும், நட்புவண்டு வழுவழுப்பாகப் பளபளக்கும், அளவிலும் சிறியது. இரண்டாவது உணவு: முன்னது இலையின் பசுமையைச் சுரண்டி நரம்பை எஞ்சவிடும், பின்னது அசுவினியைத் தின்னும். மூன்றாவது இளம்புழு: முன்னதன் புழு மஞ்சள் நிறத்தது, கிளைத்த முட்களுடையது, பின்னதன் புழு கருமையாய் நீண்டு, சிறு முதலை போல் விரைந்து ஊரும்.

இக்குடும்பத்தில் ஸ்டெத்தோரசு என்னும் மிகச்சிறு வண்டும் உண்டு. ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுடைய அக்கரிய வண்டு செடிகளைத் தாக்கும் சிலந்திப்பேன்களை உண்ணும். அதற்குப் பொறியே இல்லை. எனினும் அதுவும் பொறிவண்டே. புள்ளியால் வந்த பெயர் புள்ளியில்லாததற்கும் உரியதாகிவிட்டது.

பெயரை மாற்ற வேண்டுவதில்லை. அடைமொழி சேர்த்தாற் போதும். 'இலையுண் பொறிவண்டு', 'அசுவினியுண் பொறிவண்டு' என வகுப்பறையில் வழங்குவோமாயின், மாணவர் கொல்லுமுன் நோக்குவர். பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்து மிளகாய்த் தொட்டியாயினும் கிள்ளான் கத்தரிப் பாத்தியாயினும், வண்டு என்ன தின்கிறது என்பதே முதல் வினாவாகுக.